அம்மா அப்பா படித்த நாட்டுக்கு ஒரு விடுமுறைப் பயணம்

(பரிசளிப்பு விழாவில் பள்ளியின் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பரிசளிப்பு விழா என்றால் வழக்கமாக என்ன பேசுவார்கள்? "நன்றாகப் படியுங்கள், பெற்றோர் சொல்லைக் கேளுங்கள்" என்பார்கள். நல்ல புத்திமதிதான். ஆனால் பெற்றோர் சொல்லைக் கேட்க வேண்டுமானால், பெற்றோர் முதலில் எதையாவது சொல்லியிருக்க வேண்டுமல்லவா? தாங்கள் எப்படிப் படித்தோம், யார் காசில் படித்தோம், எந்த ஊரில் பட்டினி கிடந்தோம் என்பதை நம்மில் எத்தனை பேர் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லியிருக்கிறோம்? அதைப் பற்றித்தான் இன்றைக்கு உங்களோடு பேச விரும்புகிறேன்.

நானும் என் மனைவியும் தமிழ்நாட்டில் படித்தவர்கள். நான் 1981 முதல் 1984 வரை சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் பொருளாதாரம் படித்தேன். என் மனைவி சென்னையில், மெரினா கடற்கரை எதிரில் இருக்கும் ராணி மேரிக் கல்லூரியில் படித்தவர். அங்கே ஒருவரையொருவர் எங்களுக்குத் தெரியாது. திரும்பி வந்த பிறகு பெரியவர்கள் பேசி முடித்த கல்யாணம் எங்களுடையது. 2014-ஆம் ஆண்டு இறுதி விடுமுறையில் எங்கள் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அங்கே போய் வந்தோம். மகள் அப்போதுதான் எஸ்.பி.எம். எழுதி முடித்திருந்தாள். மகன் ஆறாம் ஆண்டு முடித்தவன்.

முதலில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். உள்ளூரில் படிக்காமல் ஏன் கடல் தாண்டிப் போனார்கள் என்று இளையவர்கள் கேட்கலாம். அந்தக் காலத்தில் நம் நாட்டில் பல்கலைக் கழகங்கள் கைவிரல்களில் எண்ணக்கூடிய அளவுக்குத்தான் இருந்தன. இடமும் குறைவு. லண்டனுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ அனுப்பத் தோட்டத் தொழிலாளியால் முடியுமா? இந்தியாவில் கட்டணம் குறைவு. 1980-களின் நடுவில் நம் ஒரு வெள்ளிக்கு ஐந்து ரூபாய் அளவில் கிடைத்தது. இங்கே அரிசி பருப்புக்கே போதாத பணத்தில் அங்கே ஒரு பிள்ளை மாதம் முழுக்க விடுதியில் சாப்பிட்டுப் படிக்க முடிந்தது. அதனால்தான் நம்மவர்கள் பலர் சென்னைக்கும் சிதம்பரத்துக்கும் மணிபாலுக்கும் போனார்கள்.

இது என் காலத்தில் தொடங்கியதுமல்ல. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் அவர்கள் அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் படித்தவர். திரும்பி வந்து 1955 முதல் 1973 வரை ம.இ.கா. தலைவராக இருந்தார். தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்று, நம் மக்களை நடுத்தெருவில் நிறுத்திய காலத்தில், 1960-ஆம் ஆண்டு தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களே பங்குப் பணம் கட்டித் தோட்டத்தை வாங்குவது என்ற திட்டம் அது. கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம்தான் முதலில் வாங்கப்பட்டது.

தனிநாயக அடிகளாரும் அதே பல்கலைக் கழகத்தில் தமிழ் படித்தவர்தான். இலங்கையில் பிறந்த அவர், 1961-இல் மலாயாப் பல்கலைக் கழக இந்திய ஆய்வியல் துறைத் தலைவராக இங்கே வந்தார். 1966 ஏப்ரலில் முதலாவது அனைத்துலகத் தமிழாராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடந்தது அவருடைய முயற்சியால். ஓரிடத்தில் படித்தவர்கள் வேறிடத்துக்கு எவ்வளவு பயன்பட்டார்கள் பாருங்கள்.

இனிப் பயணத்துக்கு வருகிறேன். நான் 1981-இல் போனது கப்பலில். பினாங்கில் ஏறினேன். எம்.வி. சிதம்பரம் என்று அதற்குப் பெயர். அதற்கு முன் பல காலம் ஓடிய ரஜூலாக் கப்பலைப் பற்றி இங்கே இருக்கும் தாத்தா பாட்டிமார்களுக்கு நினைவிருக்கும். ரஜூலா 1973-இல் இந்தச் சேவையிலிருந்து ஓய்வு பெற்றது. நான் படிப்பை முடித்து வந்த மறு ஆண்டு, 1985 பிப்ரவரியில், சிதம்பரம் கப்பல் நடுக்கடலில் தீப்பிடித்துப் பல உயிர்கள் போயின. அதோடு நமக்கும் தமிழ்நாட்டுக்கும் இருந்த பயணிகள் கப்பல் போக்குவரத்து முடிந்துபோனது. 2014-இல் நாங்கள் போனது விமானத்தில். ஆயர் குரோவில் பசியாறிவிட்டுக் கிளம்பினோம். இரவுச் சாப்பாடு சென்னையில். என் மகன், "இவ்வளவுதானாப்பா? நீங்க ஏதோ பல நாள் போனேன்னு சொன்னீங்க?" என்றான். நாள்கணக்கில் அடித்தளத்தில் பாயை விரித்துப் படுத்து, வாந்தி எடுத்து, ஊர் பேர் தெரியாதவர் கொடுத்த ஊறுகாயை நக்கிக்கொண்டு போன பயணத்தை மூன்றே முக்கால் மணி நேரத்தில் அவனுக்கு எப்படி விளக்குவது?

சென்னையில் முதல் மூன்று நாள். எல்லாரையும் போல நாங்களும் தி. நகருக்குப் போனோம், சேலை எடுத்தோம். அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் அதோடு நின்றுவிடக் கூடாது. நான்காம் நாள் காலையில் ராணி மேரிக் கல்லூரி வாசலுக்குப் போனோம். 1914-இல் தொடங்கிய கல்லூரி. சென்னையில் பெண்களுக்கென்று ஏற்பட்ட முதல் கல்லூரி. 2003-ஆம் ஆண்டு அந்தக் கட்டடங்களை இடித்துவிட்டுத் தலைமைச் செயலகம் கட்டுவதாகத் தமிழ்நாட்டு அரசு அறிவித்தது. அங்கே படித்துக்கொண்டிருந்த பெண் பிள்ளைகள் வெளியேற மறுத்துப் போராடினார்கள். கடைசியில் திட்டம் கைவிடப்பட்டது. என் மனைவி மகளிடம் சொன்னார்: "இந்தப் புள்ளைங்க அன்னைக்கு எழுந்து நிக்கலேன்னா, இன்னைக்கு உனக்குக் காட்ட எனக்கு ஒரு சுவரு கூட இருந்திருக்காது."

என் மனைவியின் தந்தை தோட்டத்து மருத்துவமனையில் டிரசராக வேலை பார்த்தவர். "பொம்பளப் புள்ளைய எதுக்குக் கடல் கடந்து அனுப்புறீங்க" என்று லயத்தில் எத்தனையோ பேர் கேட்டார்களாம். அவர் யாருக்கும் பதில் சொல்லவில்லை. பணத்தை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தார். இந்தச் செய்தி என் மகளுக்கு அன்றைக்குத்தான் தெரியும். பதினேழு வயது வரை அவள் அறிந்த தாத்தா, சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து வெற்றிலை போடும் தாத்தா. அந்தக் கல்லூரி வாசலில்தான் அவருக்கு இன்னொரு முகம் இருப்பதைப் பார்த்தாள்.

பிறகு எழும்பூரிலிருந்து சிதம்பரத்துக்கு ரயில். என் காலத்தில் அந்த வழியில் மீட்டர் பாதை. வண்டி ஆடி ஆடிப் போகும். இப்போது அகலப் பாதை போட்டுவிட்டார்கள். மார்கழி பிறந்த சமயம். விடியற்காலையில் தெருவெல்லாம் கோலம், நடுவில் சாணத்தில் செருகிய பூசணிப் பூ. நடராசர் கோயில் கோபுர வாயில்களில் நூற்றெட்டு நடன நிலைகளைக் கல்லில் செதுக்கியிருப்பதைப் பிள்ளைகள் எண்ணத் தொடங்கினார்கள். முப்பதுக்கு மேல் பொறுமையில்லை. மறுநாள் பிச்சாவரம் போய்ப் படகில் ஏறினோம். நம் ஊரில் பாக்காவ் என்கிறோமே, அந்த மாதிரி அலையாத்திக் காடு. எம்.ஜி.ஆர். நடித்து 1975-இல் வந்த இதயக்கனி படத்தை அங்கே எடுத்தார்கள் என்று படகுக்காரர் சொன்னதும், எங்கள் வீட்டம்மாவுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது அந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் மற்ற கடலோர ஊர்களைவிடக் குறைவாகப் பாதிக்கப்பட்டன என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். மரம் மனிதனைக் காப்பாற்றும் என்பதைப் பாடப் புத்தகத்தில் படிப்பது வேறு, படகில் உட்கார்ந்து கேட்பது வேறு.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அண்ணாமலை நகர்.

ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1929-இல் நிறுவிய பல்கலைக் கழகம் அது. 2013-இல் தமிழ்நாட்டு அரசு அதன் நிருவாகத்தை ஏற்றுக்கொண்டது. 1965-ஆம் ஆண்டு இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் துப்பாக்கிக் குண்டுக்கு இரையான மாணவர் இராசேந்திரனுக்கு அங்கே ஒரு சிலை இருக்கிறது. தாய்மொழிப் பள்ளியில் படித்துவிட்டு வந்த என் மகன் அந்தச் சிலைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றான். "இவருக்கு எத்தனை வயசுப்பா?" என்றான். "உன் அக்காவைவிடக் கொஞ்சம் பெரியவர்தான்" என்றேன். அவன் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

அங்கே சாஸ்திரியார் பெயரில் ஒரு மண்டபம் உண்டு. இந்தப் பெயரை நம் தோட்டத்து மக்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். வி.எஸ். சீனிவாச சாஸ்திரியார் 1935 முதல் 1940 வரை அங்கே துணைவேந்தராக இருந்தவர். 1936-இன் இறுதியில் இந்திய அரசாங்கம் அவரை மலாயாவுக்கு அனுப்பியது. எதற்கு? தோட்டங்களில் நம் பாட்டன்மார்கள் எப்படி வாழ்கிறார்கள், என்ன கூலி வாங்குகிறார்கள் என்று பார்த்து வர. உலகப் பொருளாதார மந்தத்தில் கூலியைக் குறைத்திருந்த காலம் அது. ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்ற பழைய கூலியைத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்று அவர் 1937-இல் வெளியான தம் அறிக்கையில் எழுதினார். அறிக்கை போதிய அழுத்தமாக இல்லை என்று இங்கிருந்த இந்தியச் சங்கத்தார் குறை சொன்னதும் உண்டு. 1938-இல் இந்தியா, தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதையே நிறுத்திவிட்டது.

இதைச் சொல்லிவிட்டுப் பிள்ளைகளிடம் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். 50 காசு கூலி. அந்தக் கூலியில் வளர்ந்தவர் என் அப்பா. அவர் மலாயாவில் பிறந்தவர். இந்தியாவைக் கண்ணால் பார்த்ததில்லை. விடியற்காலை பெரட்டுக்கு எழுந்து, பால் மரம் வெட்டி, வாளி தூக்கி, மத்தியானத்துக்கு மேல் இரண்டு மாட்டுக்குப் புல் அறுத்தவர். அம்மா அந்த மாட்டுப் பாலை வீடு வீடாக ஊற்றிச் சேர்த்த பணம் ஒரு பக்கம், லயத்துக்காரர்களோடு போட்ட கூட்டுப் பணம் ஒரு பக்கம். நான் கப்பல் ஏறுவதற்காக இரண்டு மாட்டையும் விற்றார்கள். விற்ற அன்று சாயங்காலம் அம்மா வெறும் கொட்டகையைக் கூட்டிப் பெருக்கினார்களாம். அதை எனக்குச் சொன்னது பக்கத்து வீட்டு அக்காள். அம்மா சொல்லவே இல்லை.

அண்ணாமலை நகர் தபால் நிலையத்துக்கு எதிரில் நின்றுகொண்டு இதைச் சொன்னேன். மாதா மாதம் அங்கேதான் அப்பாவின் கடிதத்துக்குக் காத்திருப்பேன். கடிதத்துக்குள் வங்கி டிராப்ட் இருக்கும். இரண்டு வரிதான் எழுதியிருப்பார். எழுதத் தெரிந்தது அவ்வளவுதான். என் மகன் கேட்டான்: "தாத்தா இங்க வந்திருக்காரா அப்பா?"

"இல்லை."

"ஒரு தடவகூட?"

"ஒரு தடவைகூட இல்லை. நான் சம்பாதிக்க ஆரம்பித்த பிறகு கூப்பிட்டேன். 'எனக்கு எதுக்குடா அந்த ஊரு, நீ பாத்தா போதாதா'ன்னுட்டார்."

அவன் சும்மா இருந்தான். பிறகு மகள் சொன்னாள்: "அப்ப, தாத்தா பார்க்காத ஊருக்குத்தான் தாத்தா காசு கட்டியிருக்காரு."

பெற்றோர்களே, இந்த ஒரு வாக்கியத்துக்காக நான் செலவழித்த பணம் முழுவதும் தகும் என்று நினைத்தேன். பதினேழு ஆண்டுகளாக நான் புத்திமதியாகச் சொல்லிச் சொல்லிப் புரியவைக்க முடியாததை, அந்தத் தெருவில் நின்று அவளாகவே கண்டுபிடித்தாள். "கஷ்டப்பட்டுப் படிக்க வைத்தார்கள்" என்று சொன்னால் பிள்ளைகளின் காதில் ஏறாது. எத்தனை மாடு, எத்தனை காசு, எந்தத் தபால் நிலையம் என்று சொன்னால் ஏறும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். அங்கே போய் "இதுதான் நம்ம நாடு" என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். அது நமக்கு அறிவு கொடுத்த நாடு. நம் பாட்டன் பூட்டன் புறப்பட்ட மண். மரியாதை செய்யலாம், நன்றி சொல்லலாம். ஆனால் நாம் பிறந்ததும், வரி கட்டுவதும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதும், நம் பெரியவர்களைப் புதைத்ததும் எரித்ததும் இந்த மண்ணில். அதே போல், அங்கே குப்பையைப் பார்த்துவிட்டு "சீ, நம்ம ஊரு எவ்வளவு மேல்" என்று மூக்கைப் பொத்திக்கொள்வதும் வேண்டாம். அந்தத் தெருக்கள் நாம் பசித்திருந்தபோது நமக்குச் சோறு போட்டவை.

போக நினைப்பவர்களுக்கு இரண்டொரு யோசனை சொல்கிறேன். அக்டோபர் முதல் டிசம்பர் வரை அந்தக் கடலோரம் மழைக்காலம். சில ஆண்டுகளில் வெள்ளமும் வரும். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் பிள்ளைகளுக்குத் தாங்காது. சனவரி, பிப்ரவரி தோது. ஆனால் நம் பள்ளி விடுமுறையையும் பார்க்க வேண்டும். விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன. டிக்கெட் எடுப்பதற்கு முன் இந்தியத் தூதரகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பல்கலைக் கழகத்துக்குள் போக வேண்டுமானால் முன்கூட்டியே கடிதம் எழுதிவிடுங்கள். முக்கியமாக, கிளம்புவதற்கு முன்பே பழைய கடிதங்கள், புகைப்படங்கள், கணக்கு நோட்டு எல்லாவற்றையும் எடுத்துப் பிள்ளைகளிடம் காட்டுங்கள். பார்த்துவிட்டுப் போனால்தான் அங்கே கேட்க அவர்களுக்குக் கேள்வி இருக்கும்.

இப்போதும் நம் பிள்ளைகள் இந்தியாவுக்குப் படிக்கப் போகிறார்கள். பக்கத்தில் இருக்கும் புக்கிட் பாருவில் 1997-இல் மலாக்கா மணிபால் மருத்துவக் கல்லூரி ஏற்பட்டது. அதில் சேர்ந்த மாணவர்கள் முதல் இரண்டரை ஆண்டுகளைக் கர்நாடகத்தில் இருக்கும் மணிபாலில் படித்துவிட்டு, மீதியை இங்கே முடித்தார்கள். அதனால் நம் வட்டாரத்து மருத்துவர்களில் பலருக்கு மணிபால் பழக்கமான ஊர். வெளிநாட்டுக்கு அனுப்ப நினைக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை: அந்தப் பட்டத்தை இங்கே ஏற்றுக்கொள்கிறார்களா என்று முதலில் விசாரியுங்கள். மருத்துவம் என்றால் மலேசிய மருத்துவ மன்றத்தில் கேளுங்கள். தரகர் சொல்வதை மட்டும் நம்பி மாட்டை விற்றுவிடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. இங்கே உட்கார்ந்திருக்கும் பலர் மனதுக்குள், "சார், நாங்க வெளிநாட்டுல படிக்கலே, அஞ்சாம் வகுப்போட நின்னுட்டோம், எங்களுக்கு இதுல என்ன இருக்கு?" என்று கேட்பது எனக்குக் கேட்கிறது. உங்களுக்குத்தான் இதில் அதிகம் இருக்கிறது. நீங்கள் பிறந்த தோட்டம் பக்கத்தில்தான் இருக்கிறது. சிலருடைய தோட்டம் இன்று செம்பனையாகிவிட்டது. சிலருடையது வீடமைப்புத் திட்டமாகிவிட்டது. இந்த ஆயர் குரோவையே பாருங்கள். நெடுஞ்சாலைச் சாவடி, மிருகக்காட்சி சாலை, தங்கும் விடுதிகள் என்று எவ்வளவு மாறிவிட்டது! ஒரு ஞாயிற்றுக்கிழமை, சோறு கட்டிக்கொண்டு, பிள்ளைகளை மோட்டார் சைக்கிளிலோ காரிலோ ஏற்றிக்கொண்டு அந்தத் தோட்டத்துக்குப் போங்கள். லயம் இருந்த இடத்தைக் காட்டுங்கள். நீங்கள் படித்த பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தாலும் அந்தப் படிக்கட்டைக் காட்டுங்கள். ஏன் அஞ்சாம் வகுப்போடு நின்றீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளவா? அம்மாவோடு மரம் வெட்டப் போகவா? அதைக் கேட்ட பிள்ளை, உங்களைப் படிக்காதவர் என்று ஒரு நாளும் நினைக்காது. அதற்கு விமானச் சீட்டு வேண்டாம், விசா வேண்டாம். பெட்ரோல் காசு போதும்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு மூன்று கேள்வி கொடுக்கிறேன். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அம்மாவிடமோ அப்பாவிடமோ தாத்தா பாட்டியிடமோ கேளுங்கள். ஒன்று, உங்களை யார் படிக்க வைத்தார்கள்? இரண்டு, அதற்கு எதை விற்றார்கள், எதை விட்டுக்கொடுத்தார்கள்? மூன்று, படிக்க ஆசைப்பட்டும் நம் வீட்டில் படிக்க முடியாமல் போனவர் யார்? பதிலை ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டுத் தமிழில் எழுதி வையுங்கள். அந்த நோட்டு, இன்று நீங்கள் வாங்கிய பரிசுக் கோப்பைக்குப் பக்கத்தில் இருக்கட்டும்.

என் அப்பா 1998-இல் காலமானார். அவர் எழுதிய இரண்டு வரிக் கடிதங்கள் முப்பத்தொன்று என்னிடம் இருந்தன. பயணம் முடிந்து வந்த பிறகு மகள் அவற்றைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அடுத்து அவள் படிக்கப் போன இடம் கோலாலம்பூர்தான். கடல் தாண்டவில்லை. ஆனால் அந்தக் கடிதங்களை எடுத்துக்கொண்டுதான் போனாள்.